ராணிக்கு ஒரு வீடு... நமக்கு ஒரு விரதம்!

போன மாதம் ஒரு காலை. திருச்சியிலிருந்து அக்காவின் போன்.

"டேய் தம்பி, உன் மருமக பண்ற வேலையைப் பாரு. ராத்திரி மழைக்கு எங்கிருந்தோ வந்த பெரிய கட்டெறும்பைப் பிடிச்சு சட்னி டப்பாவுல போட்டு வெச்சிருக்கா. வளர்க்கப்போறாளாம். வாசல்ல கொட்டுடின்னு சொன்னா அழறா."

பின்னாலிருந்து விசும்பல் சத்தம். ஆறாம் வகுப்பு படிக்கும் மருமகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாமா, இது சாதா எறும்பு இல்ல, ராணி. ரெக்கை ஒடிஞ்ச தழும்பு இருக்கு. நீங்கதானே போன லீவுல சொன்னீங்க?"

சொன்னது நான்தான். தப்பிக்க வழியில்லை. வீடியோ காலில் காட்டச் சொன்னேன். டப்பாவுக்குள் ஒரு ஸ்பூன் சர்க்கரை, பாதி பிஸ்கட், பாட்டில் மூடியில் தண்ணீர், உட்கார ஒரு பொம்மை நாற்காலி. ராணியம்மா எதையும் தொடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தார்.

"பாப்பா, முதல்ல அந்தச் சர்க்கரையை எடு. பிஸ்கட்டையும் எடு."

"அதுக்குப் பசிக்காதா மாமா?"

"ஒரு மாசத்துக்கு மேல ஒண்ணும் சாப்பிடாது."

"பொய் சொல்றீங்க!"

பொய் இல்லை. அவளுக்குப் போனில் சொன்னதையும், அதற்கு மேல் கொஞ்சத்தையும் இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன். மழைக்காலத்தில் உங்கள் வாசலிலும் ஒரு ராணி வந்து நிற்கக்கூடும்.

ஈசலா, எறும்பா, ராணியா?

மழை பெய்து ஓய்ந்த மாலையில் டியூப் லைட்டைச் சுற்றிப் பறப்பதையெல்லாம் ஈசல் என்றே சொல்லிவிடுகிறோம். ஈசல் என்பது இறகு முளைத்த கரையான். அதே மழைக்கு எறும்புகளும் இறகோடு கிளம்பும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. ஈசலுக்கு இடுப்பே இருக்காது. உடம்பு ஒரே தடிமனாகப் போகும். நான்கு இறகுகளும் ஒரே நீளம். எறும்புக்கு இடுப்பு ஊசி மாதிரி ஒடுங்கியிருக்கும். முன் இறகுகள் பெரிது, பின் இறகுகள் சிறிது. உணர்கொம்பு நம் முழங்கை மாதிரி மடங்கியிருக்கும்.

இறகுள்ள எறும்புகளிலும் இரண்டு வகை. சின்னத் தலையும் ஒல்லி உடம்புமாக இருப்பவை ஆண்கள். பறந்து, ஜோடி சேர்ந்து, சில நாட்களில் செத்துப்போவதோடு அவர்கள் கதை முடிந்தது. தடித்த முதுகும் பெரிய வயிறுமாக இருப்பவள் ராணி.

நம் பக்கத்துக் கட்டெறும்பு ராணி ஒன்றரை சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் அதிக நீளம் இருப்பாள். அறிவியலில் இந்த எறும்புக்குப் பெயர் காம்போனோட்டஸ் கம்ப்ரெஸ்ஸஸ். டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் 1787-ல் இதை விவரித்து எழுதியிருக்கிறார். இதற்குக் கொடுக்கு கிடையாது. கடிக்கும், கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. புற்றைக் காவல் காக்கும் பெரிய தலைக் கட்டெறும்பைப் பார்த்துப் பலர் ராணி என்று நினைத்துவிடுவார்கள். தலையைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். இறகை அசைக்கத் தசை வேண்டும் என்பதால் ராணியின் முதுகு திரண்டு உயர்ந்திருக்கும். இறகு உதிர்ந்த இடத்தில் இருபுறமும் சிறு தழும்பு தெரியும். வேலைக்கார எறும்பின் முதுகு எவ்வளவு பெரிய தலை இருந்தாலும் ஒல்லிதான்.

இறகைத் தின்று வாழ்பவள்

தழும்பு எப்படி வந்தது? யாரும் பிய்க்கவில்லை. ராணி தானே கால்களால் தள்ளி இறகுகளை உதிர்த்துவிடுகிறாள். பிறந்த புற்றை விட்டுப் பறந்து, வானத்திலேயே ஜோடி சேர்ந்து, தரையிறங்கியதும் அவள் செய்யும் முதல் வேலை அது. இனி அவள் வாழ்நாளில் பறக்கப்போவதில்லை.

அன்று பெற்ற விந்தணுக்களை வயிற்றுக்குள் ஒரு சிறு பையில் சேமித்துக்கொள்வாள். இன்னும் பத்து வருடம் கழித்து அவள் இடும் முட்டைக்கும் அந்தக் கையிருப்புதான். விந்தணு சேர்த்து இட்ட முட்டை பெண்ணாகும், சேர்க்காமல் இட்டது ஆணாகும்.

அதன்பின் ஈர மண்ணில் ஒரு சிறு அறை தோண்டி, உள்ளிருந்து வாசலை அடைத்துக்கொள்வாள். வேலைக்காரர்கள் இல்லை, சேமித்து வைத்த தீனி இல்லை. வெளியே போய்த் தேடவும் மாட்டாள். அந்த இருட்டில் முட்டையிட்டு, புழுக்களுக்கு ஊட்டி, முதல் பிள்ளைகள் நடமாடும்வரை பட்டினி.

பிறகு பிள்ளைகளுக்கு எதை ஊட்டுவாள்? இங்குதான் அந்தத் தடித்த முதுகு வருகிறது. பறக்க உதவிய தசைகளுக்கு இனி வேலையில்லை அல்லவா? அவற்றை அவள் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. அதுவும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பும் வாய்வழி ஊட்டும் உணவாக மாறுகின்றன. பறந்து வந்த வண்டியை உடைத்து அடுப்பெரிப்பது மாதிரி.

இதைச் சொன்னதும் மருமகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, பிஸ்கட்டை எடுத்துட்டேன்" என்றாள்.

பறந்து வரும் ராணிகளில் மிகச் சிலர்தான் பிழைப்பார்கள். பல்லி, தவளை, காக்கை, மைனா எல்லாவற்றுக்கும் அன்று விருந்து. தப்பித்தவர்களைப் பக்கத்துப் புற்று எறும்புகள் இழுத்துப் போகும். ஆகவே வாசலில் திரியும் ஒரே ஒரு ராணியை எடுத்துப் பத்திரமாக வைப்பதால் அந்த ஊரில் கட்டெறும்பு குறைந்துவிடாது. புற்றைத் தோண்டி ராணியை எடுப்பது வேறு கதை. அது ஒரு குடும்பத்தையே அழிக்கிற வேலை. அதைச் செய்யவே கூடாது.

பத்து ரூபாய் சமாச்சாரத்தில் ஒரு அரண்மனை

வீடு என்றதும் கண்ணாடித் தொட்டி, மண், செடி என்று கற்பனை ஓடும். புது ராணிக்கு அதெல்லாம் ஆபத்து. அவள் மண்ணில் தோண்டுவது தன் உடம்பைவிடக் கொஞ்சம் பெரிய அறை. இடுக்கமாக, இருட்டாக, ஈரமாக, அடைத்து இருக்க வேண்டும். இந்த நான்கையும் தருவது பள்ளி ஆய்வகத்தில் பார்த்த டெஸ்ட் டியூப்.

பள்ளிகளுக்கு லேப் சாமான் விற்கும் கடையில் சின்னக் காசுக்குக் கிடைக்கும். கட்டெறும்புக்கு விரல் தடிமனில், 15 சென்டிமீட்டர் நீளத்தில் இருந்தால் போதும். செய்முறை இதுதான்:

1. குழாயைச் சோப்பு இல்லாமல் நன்றாகக் கழுவுங்கள். அடியில் மூன்றில் ஒரு பங்கு குடிநீர் ஊற்றுங்கள்.

2. மருந்துக் கடைப் பஞ்சை உருட்டி, பென்சிலின் பின்புறத்தால் தள்ளித் தண்ணீரைத் தொடும்வரை இறுக்குங்கள். பஞ்சு முழுக்க நனைய வேண்டும், குழாயைப் படுக்க வைத்தால் தண்ணீர் இந்தப் பக்கம் வழியக் கூடாது. இதுதான் ராணியின் குடிநீர்த் தொட்டி, அறையை ஈரமாக வைத்திருப்பதும் இதுதான்.

3. ராணியை விரலால் பிடிக்காதீர்கள். டப்பாவுக்குள் குழாயின் வாயை அவள் முன்னே வைத்து, பின்னாலிருந்து ஒரு காகிதத்தைக் காட்டினால் போதும். இருட்டான இடுக்கைத் தேடி அவளே உள்ளே போவாள்.

4. வாயை உலர்ந்த பஞ்சால் அடையுங்கள். கார்க்கும் ரப்பர் மூடியும் வேண்டாம். பஞ்சு வழியே காற்று போகும், அவள் போக முடியாது.

5. தடித்த காகிதத்தைச் சுருட்டி உறை மாதிரி மாட்டுங்கள். குழாயைப் படுக்கை வாட்டில் வைத்து, உருளாமல் இரு பக்கமும் களிமண் அண்டை கொடுங்கள்.

மண் வேண்டாம், இலை வேண்டாம், பொம்மை நாற்காலியும் வேண்டாம். மருமகளுக்கு நாற்காலியை எடுக்கத்தான் அதிக வருத்தம்.

அடுத்தது, எங்கே வைப்பது? அவள் தேர்ந்தெடுத்த இடம் ஸ்டீல் பீரோவின் கீழ்த்தட்டு. இருட்டு சரிதான். "உள்ள பாச்சை உருண்டை இருக்கா?" என்று கேட்டேன். இருந்தது. துணிப்பூச்சியைக் கொல்கிற வாடை எறும்பை மட்டும் விட்டுவைக்குமா? கொசுவத்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே அடிக்கும் அறைகளும் இதில் சேர்த்தி. ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் பக்கமும் ஆகாது. எறும்புகள் அதிர்வைக் காலால் உணரும். வெயில் படும் ஜன்னலும், அனல் இறங்கும் பரணும் கூடாது. கடைசியில் ஹாலில் இருந்த புத்தக அலமாரியின் அடித்தட்டு முடிவானது. நம்மூர்ச் சூட்டுக்கு அறையின் சாதாரண வெப்பமே போதும்.

என் முதல் ராணியைக் கொன்றது யார்?

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்லூரியில் படிக்கும்போது எனக்கும் ஒரு ராணி கிடைத்தாள். குழாய் வைத்தேன், எல்லாம் சரியாகச் செய்தேன். ஐந்தாம் நாள் எட்டு முட்டைகள். ரவையைவிடக் கொஞ்சம் நீளமாக, வெள்ளையாக, ஒரே கொத்தாக இருந்தன. தலைகால் புரியவில்லை. ஹாஸ்டலில் அறை அறையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, தூக்கம் வராவிட்டால் நடுராத்திரியில் டார்ச் அடித்து ஒருமுறை.

பன்னிரண்டாம் நாள் ஒரு முட்டையும் இல்லை. அவளே தின்றுவிட்டிருந்தாள்.

அப்போது அது கொடுமையாகத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது. குழியின் கூரை தினமும் நான்கு முறை பிய்த்தெறியப்பட்டால் எந்தத் தாய்க்கும் அந்த இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றும். அங்கே பிள்ளை பெறுவது வீண். உடம்பிலிருந்து போன சத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நல்ல நேரத்துக்குக் காத்திருப்பாள். நான் காத்திருக்க விட்டேனா? பசியில்தான் தின்றாள் என்று நினைத்து, பஞ்சைத் திறந்து சர்க்கரைப் பாகு ஊற்றினேன். அவள் கால் ஒட்டிக்கொண்டது, பஞ்சில் பூஞ்சை படர்ந்தது. மூன்றாவது வாரம் குழாயைக் கழுவி வைத்தேன்.

அவளைக் கொன்றது என் பாசம்தான்.

அதனால் மருமகளிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தரிசனம். ஒரு நிமிடத்துக்கு மேல் கிடையாது. மற்ற ஆறு நாளும் குழாயைத் தொடக் கூடாது. ராணி சோற்றுக்கு விரதம் இருக்கிறாள், நீ கண்ணுக்கு விரதம் இரு.

தரிசனத்துக்கு ஒரு உபாயம் உண்டு. எறும்புகளுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாது. பரிசுப் பொருள் சுற்றும் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை டார்ச் மீது இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டி, அந்த வெளிச்சத்தில் பார்த்தால் அவளுக்கு அவ்வளவு தொந்தரவு இருக்காது. செல்போன் ஃபிளாஷ் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஞாயிறு ஞாயிறாக என்ன தெரியும்?

முதல் ஞாயிறு: பெரும்பாலும் முட்டைக் கொத்து. சிலர் ஒரு வாரம் தாமதிப்பார்கள், பயப்பட வேண்டாம்.

இரண்டு, மூன்றாம் ஞாயிறு: கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள். கூடவே புது முட்டைகளும் இருக்கலாம். முட்டைகளில் ஒன்றிரண்டு குறைந்திருந்தால் கவலை வேண்டாம். சிலவற்றை ராணி உணவாக்கிக்கொள்வது வழக்கமே. மொத்தமாகக் காணாமல் போனால்தான் சிக்கல்.

நான்கு, ஐந்தாம் ஞாயிறு: புழுக்கள் நூல் சுற்றிக் கூட்டுக்குள் போய்விடும். பழுப்பு நிறத்தில் அரிசிமணி மாதிரி இருக்கும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை வரும் என்பார்கள் அல்லவா? நாம் அப்போது பார்க்கும் வெள்ளை மணிகளில் பெரும்பாலானவை முட்டையே அல்ல. இந்தக் கூடுகளும் புழுக்களும்தான். கூட்டின் ஒரு முனையில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் அதுவும் நல்ல அடையாளம். உள்ளே போன புழு தன் கழிவை மொத்தமாகக் கழித்துவிட்டு உருமாறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள்: முதல் பிள்ளை. கூட்டைக் கிழித்து வெளியே எடுத்து விடுவது அம்மாதான். வீட்டு வெப்பத்தைப் பொறுத்து இந்தக் கணக்கு முன்னே பின்னே போகும்.

இந்தத் தலைச்சன் பிள்ளைகள் வழக்கமான கட்டெறும்பைவிட மிகச் சிறியவை, பயந்த சுபாவம். காரணம், ஒரே தாயின் முதுகுத் தசையைப் பங்கு போட்டு வளர்ந்தவை. ஒரு பெரிய பிள்ளையை வளர்ப்பதைவிட நாலைந்து சின்னப் பிள்ளைகளை வளர்த்தால்தான் வேலைக்கு ஆள் சேரும். அந்த நாலைந்து பேர் இரை தேடக் கிளம்பிய நாளிலிருந்து ராணிக்கு ஒரே வேலை, முட்டையிடுவது.

இப்போது விருந்து வைக்கலாம்

முதல் பிள்ளை வெளிறிய நிறம் மாறிக் கறுத்து, நடமாடத் தொடங்கிய பிறகு உணவு கொடுங்கள். ஒரு துளித் தேனில் ஒரு துளித் தண்ணீர் கலந்து, குண்டூசித் தலை அளவு எடுத்து, சிறு அலுமினிய ஃபாயில் துண்டில் வைத்து உள்ளே தள்ளுங்கள். அதற்கு மேல் வைத்தால் குட்டிகள் மூழ்கிவிடும். தேன் உழைப்பதற்கு, புழுக்கள் வளரப் புரதம் வேண்டும். வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈயோ, ஒரு கொசுவோ போதும். கொசு பேட்டில் அடிபட்டதாக இருக்கட்டும். ஸ்பிரே அடித்துச் செத்த பூச்சி கூடவே கூடாது. வாரத்துக்கு இரண்டு முறை கொடுத்து, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சை வரும்.

தேன் உள்ளே போனதும் புதிய எதிரி வருவார்: நம் வீட்டுச் சித்தெறும்பு! பஞ்சின் இடுக்கில் நுழைந்து ஒரே இரவில் குடும்பத்தையே காலி செய்துவிடும். இதற்கு மருந்து நம் பாட்டிகள் கண்டுபிடித்ததுதான். தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் பலகாரத் தூக்கை வைப்பார்களே, அதே மாதிரி ஒரு தட்டு நீருக்கு நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் குழாயை வையுங்கள்.

பெரிய வீட்டுக்கு அவசரம் வேண்டாம். இருபது பேர் சேரும்வரை குழாயே போதும். அதன்பின் குழாயை ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, மூடியில் ஊசித் துளைகள் போட்டு, உள் விளிம்பில் வாஸ்லின் மெல்லிசாகத் தடவினால், பிள்ளைகள் குழாய்க்கு வெளியே வந்து டப்பாவுக்குள் இரை தேடுவார்கள். தண்ணீர் தீரும்போது புதுக் குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, பழைய குழாயின் உறையை மட்டும் கழற்றிவிடுங்கள். இருட்டைத் தேடி அவர்களே குடி மாறிக்கொள்வார்கள்.

அவசரக் கேள்விகள்

*துணைக்கு வாசலிலிருந்து நாலு கட்டெறும்பைப் பிடித்துப் போடலாமா?*
கூடாது. ஒவ்வொரு புற்றுக்கும் ஒரு வாசனை உண்டு. வேற்று வாசனை என்றால் எதிரி. ராணியைக் கொன்றுவிடுவார்கள்.

*இரண்டு ராணிகளை ஒரே குழாயில்?*
வேண்டாம். சண்டையில் ஒருத்தி போய், மற்றவளும் காயப்பட்டு நிற்பாள்.

*நீர்ப் பஞ்சு மஞ்சளாகிவிட்டதே?*
லேசான கறை பரவாயில்லை. கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை முட்டைப் பக்கம் வந்தால் மட்டும் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள்.

*இரண்டு மாதமாகியும் முட்டையே இல்லை?*
ஜோடி சேராமலே இறகை உதிர்த்தவளாக இருக்கலாம். எடுத்த இடத்திலேயே, ஈர மண்ணாகப் பார்த்து விட்டுவிடுங்கள்.

வங்கி விடுமுறை கொடுத்தவரும் ஒரு ராணியும்

"இது எத்தனை நாள் இருக்கும் மாமா?" என்று மருமகள் கேட்டாள். நாள் கணக்கு இல்லை, ஆண்டுக் கணக்கு.

இங்கிலாந்தில் ஜான் லுபக் என்றொருவர் இருந்தார். வங்கியாளர், நாடாளுமன்ற உறுப்பினர். அந்நாட்டில் வங்கி விடுமுறைச் சட்டத்தை 1871-ல் கொண்டுவந்தவர் அவர்தான். ஊருக்கு விடுமுறை வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் ஓய்வு நேரத்தை எறும்புகளுக்குக் கொடுத்தார். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண் வைத்து, எறும்புகளை வளர்த்துப் பார்த்து 1882-ல் புத்தகமே எழுதினார். அவர் வளர்த்த ஒரு ராணி ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருந்தாள். ஐரோப்பாவில் சாதாரணமாகத் தோட்டங்களில் காணப்படும் கறுப்பு எறும்பு இனத்தில், மனிதர் பராமரிப்பில் ஒரு ராணி 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. கட்டெறும்பு ராணியும் பத்து வருடத்தைத் தாண்டக்கூடியவளே.

அதாவது, ஆறாம் வகுப்பில் எடுத்த ராணி கல்லூரிப் பட்டமளிப்பு வரைக்கும் கூட வரலாம். கோடை விடுமுறையில் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், வீடு மாறினால் என்ன ஆகும் என்றெல்லாம் இப்போதே யோசிக்க வேண்டும். "முடியாதுன்னு தோணுச்சுன்னா தப்பே இல்ல. இன்னிக்கே தோட்டத்துல ஈரமா ஒரு இடம் பார்த்து விட்டுடு" என்றேன். அவள் ஒரு நாள் அவகாசம் கேட்டாள். மறுநாள் போனில், "அம்மாவும் சரின்னுட்டாங்க" என்றாள்.

வாங்காதீர்கள், விற்காதீர்கள்

கடைசியாக ஒன்று. இந்தப் பஞ்சு வைத்த குழாய் உலகெங்கும் எறும்பு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த பொருள். கடத்தல்காரர்களுக்கும் தெரிந்துவிட்டது. 2025 ஏப்ரலில் கென்யாவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் சுமார் 5,000 எறும்புகளோடு பிடிபட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பஞ்சடைத்த குழாய்கள்! ஆப்பிரிக்கப் பெரிய அறுவடை எறும்பின் ராணிகளுக்கு வெளிநாடுகளில் அவ்வளவு கிராக்கி. மே மாதம் நீதிமன்றம் ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் விதித்தது.

பணம் ஒருபுறம் இருக்கட்டும். ஓர் ஊர் எறும்பு வேறு ஊரில் தப்பித்தால் என்ன ஆகும்? 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களைக் கேளுங்கள். மஞ்சள் பைத்திய எறும்பு என்ற இனம் பெருகி, ஆடு மாடுகளின் கண்களையும் வயலில் வேலை செய்பவர்களையும் படுத்திய பாடு செய்திகளில் வந்தது. உலகின் மோசமான ஊடுருவல் இனங்களில் ஒன்று அது. ஆகவே மூன்று விதிகள்: உங்கள் வாசலுக்குத் தானே வந்த உள்ளூர் ராணியை மட்டும் வளர்க்கலாம். காட்டிலிருந்தோ சரணாலயத்திலிருந்தோ எடுக்கக் கூடாது. விடுவதானால் எடுத்த இடத்தில்தான் விட வேண்டும்.

ஆறாவது ஞாயிறு

நேற்று ஆறாவது ஞாயிறு. காலை எட்டு மணிக்கே போன்.

"மாமா, மூணு பேர்! குட்டியூண்டு. ஒண்ணு இன்னும் வெள்ளையா இருக்கு. ராணி அதை நக்கிவிட்டுட்டே இருக்கு." குரல் தாழ்ந்தது. "ராணி வயிறு ரொம்பச் சுருங்கிடுச்சு மாமா. இப்பவாவது தேன் வைக்கலாமா?"

"அந்த வெள்ளைக் குட்டி கறுக்கட்டும். இன்னும் ரெண்டு நாள்."

"அதுவரைக்கும் தாங்குமா?"

"இவ்வளவு நாள் தாங்கினவ, தாங்குவா."

பதிலுக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் நடுவே அக்காவின் குரல் உரக்கக் கேட்டது. மாமாவிடம் போட்ட சத்தம் அது.

"ஏங்க, அந்த நாற்காலியை இழுக்காதீங்க, தூக்கி வைங்க! அலமாரியில புள்ளத்தாச்சி இருக்கிறது தெரியாதா?"